அக்கா தலையில் கட்டிய கதைகள்

காலேப்புக்கு இப்போதெல்லாம் மைக்கைக் கண்டால் முகம் சிறுத்துப் போகிறது. கல்யாண வீட்டில் யாராவது "காலேப்பு, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தால், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நழுவிவிடுகிறான். தொண்டைக்கு ஒன்றுமில்லை. வெட்கம்தான். சாத்தூர் வட்டாரத்திலேயே மைக்குக்கு அவனைப் போல ஆலாய்ப் பறந்த மனுஷன் வேறு ஒருத்தன் கிடையாது. அப்படிப்பட்டவன் ஏன் இப்படி ஆனான் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

பிழைப்புக்குக் காலேப் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் டிசைன் போடுகிறவன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், தினசரிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் சளைக்காமல் செய்வான். ஒருமுறை மயில் படம் கேட்ட ஆர்டருக்கு அவசரத்தில் வான்கோழிப் படத்தைப் போட்டுவிட்டானாம். பெட்டியெல்லாம் அச்சாகி லோடு ஏறிப் போனபிறகுதான் தெரிந்ததாம். அடுத்த சீசனுக்கு வடக்கேயிருந்து 'அதே வான்கோழிப் பட்டாசு வேண்டும்' என்று ஆர்டர் வந்ததாம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கைச்சரக்கு என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான்.

ஊரில் அவனுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது டிசைன் இல்லை, வாய். அவர்கள் சபையில் வருஷா வருஷம் அசனப் பண்டிகை நடக்கும். கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறு பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, இன்னார் இனியார் என்று பார்க்காமல் பக்கத்து ஊர்க்காரர்களையும் உட்கார வைத்துப் போடுவார்கள். சோறு வேகிற வரைக்கும் கூட்டத்தைக் கட்டிப்போட ஆள் வேண்டுமே. பாட்டுப் போட்டி முடிந்து, வேத வினாடி வினாவும் முடிந்து, பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கும்போது மைக்கைக் காலேப் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் வாயைத் திறந்தால் அண்டா இறங்குகிற வரை ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

சொல்வதெல்லாம் சொந்த வீட்டுக் கதைகள். சின்ன வயதில் நடந்தது, வேலையில் நடந்தது, கம்ப்யூட்டர் வந்த புதிதில் நடந்தது. எல்லாக் கதையிலும் யாராவது ஒருத்தர் கோமாளித்தனம் பண்ணவேண்டும், இல்லையென்றால் கூட்டம் எதற்குச் சிரிக்கும்? அந்த ஒருத்தர் எப்போதும் அவனுடைய அக்கா ஜாஸ்பின்தான்.

இங்கேதான் அந்தப் படுபாவி செய்த வேலை இருக்கிறது. அந்தக் கோமாளித்தனங்களில் ஒன்றைக்கூடச் செய்தது ஜாஸ்பின் இல்லை. பாதிக்கு மேல் அவனே செய்தது. மீதி, அவன் கண்ணெதிரே வேறு யாரோ செய்தது.

பசைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சிறுசாக இருந்தபோது வீட்டில் தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார்கள். அம்மா மைதா மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலும் பிள்ளைகள் தின்றுவிடாமலும் இருக்க அதில் மயில்துத்தம் கலந்து வைப்பாள். துத்தம் விழாத பசையில் சீனி தொட்டுத் தின்றால் பாயாசம் மாதிரி இருக்கும் என்று அந்த வீட்டில் கண்டுபிடித்த விஞ்ஞானி காலேப். ஒருநாள் அவசரத்தில், எது கலந்தது எது கலக்காதது என்று பார்க்காமல் ஒரு கரண்டியை உள்ளே தள்ளிவிட்டான். நாக்கு நீலம் பாய்ந்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. தம்பியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா என்று விளக்குமாற்றுக் கட்டையால் அடி வாங்கியது ஜாஸ்பின்.

மேடையில் இது எப்படி வந்தது தெரியுமா? "எங்க அக்கா இருக்காகளே, அவுகளுக்குப் பசைன்னா உசுரு" என்று ஆரம்பித்தான். நீல நாக்கோடு அக்கா பள்ளிக்கூடம் போனாள், "மைப்புட்டியக் குடிச்சிட்டியா பிள்ளே" என்று வாத்தியார் கேட்டார், அக்கா நாக்கை நீட்டிக் கரும்பலகையில் எழுதப் போனாள் என்று இல்லாத சங்கதியெல்லாம் சேர்த்து அவள் தலையில் கட்டிவிட்டான். கோயில் முற்றமே குலுங்கியது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜாஸ்பினை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் ஏன் அன்றைக்கே மறுத்துச் சொல்லவில்லை என்று கேட்கலாம். தம்பி மேடையில் நின்று பேசுகிறான், இத்தனை சனம் கேட்கிறது என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து, "ஏலே, நாக்கை நீலமாக்குனது நீ. பேரு மட்டும் எனக்கா" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவ்வளவுதான். அந்தக் குட்டைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் காலேப்.

அடுத்து கம்ப்யூட்டர் கதை. இதுதான் அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது, இதுதான் குடியையும் கெடுத்தது.

காலேப் அச்சகத்தில் சேர்ந்த முதல் நாள். அதற்கு முன்பு லீவு நாட்களில் அக்கா கூடவே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்ப் பழகியவன். அங்கே சில பழக்கங்கள் உண்டு. செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். வெடிமருந்து இருக்கிற அறைக்குள் போகுமுன், வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும் என்பது கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பழகாத சத்தம் எது கேட்டாலும், என்ன ஏது என்று நின்று பார்க்கக்கூடாது. முதலில் ஓட வேண்டும். நின்று பார்த்துவிட்டு ஓடிப் பிழைத்தவர்கள் குறைவு.

இந்தப் பழக்கத்தோடு போனவன், கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பை விட்டான். தகட்டைத் தேடினான், இல்லை. சன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றான். மூத்த ஆபரேட்டர் ராஜபாண்டியன் அண்ணாச்சி, "என்ன தம்பி, ஜெபம் முடிஞ்சதா, உக்காரலாமா" என்றார். உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கரண்ட் போனது. காலுக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டி 'கீங், கீங்' என்று கத்தத் தொடங்கியது.

யூ.பி.எஸ். என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. நாற்காலி ஒரு பக்கம் விழ, "ஓடுங்க, ஓடுங்க" என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தான். பேப்பர் எண்ணிக்கொண்டிருந்த பெண்களும் பைண்டிங் ஆட்களும் இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தவர்கள்தானே. யாரும் காரணம் கேட்கவில்லை. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் அச்சகமே மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தபோது, ராஜபாண்டியன் மட்டும் மெதுவாக வெளியே வந்தார். "உள்ள வாங்க எல்லாரும். கரண்டு போச்சுன்னு அது சொல்லுது, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அதற்கப்புறம் வெகுகாலத்துக்கு அச்சகத்தில் அவன் பெயர் யூ.பி.எஸ். டீ வாங்கப் போனால், "யூ.பி.எஸ்ஸு, ஓடிராம வா" என்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் யாராவது வாயாலேயே 'கீங்' என்று சத்தம் கொடுப்பார்கள். அவனுக்கு அழுகை முட்டும். அந்த வெட்கத்தை அவனால் சுமக்க முடியவில்லை. அதனால்தான், ஊரில் அந்தக் கதையைச் சொன்னபோது அதைத் தூக்கி அக்கா தோளில் இறக்கினான்.

ஊருக்குச் சொன்ன கதையில், தம்பிக்குச் சோறு கொண்டு அச்சகத்துக்கு வந்தவள் ஜாஸ்பின். கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடியவள் அவள். தூக்குச்சட்டியோடு ஓடி, ரசத்தை மிஷின்மேன் தலையில் கொட்டியவளும் அவளே. இது போதாதென்று இன்னொன்றையும் சேர்த்தான். ஆயுத பூஜைக்கு அச்சக முதலாளி மவுஸுக்கு அடியில் குளிரக் குளிரச் சந்தனம் அப்பி, உள்ளே இருந்த உருண்டை இறுகி, அது நகராமல் போனது நிஜம். முதலாளியை வைத்துக் கதை சொன்னால் சோறு போய்விடும். சபையில் சந்தனமும் எடுபடாது. ஆகவே சந்தனம் ஜெப எண்ணெயாக மாறியது. கன்வென்ஷன் கூட்டத்தில் வாங்கி வந்த ஜெப எண்ணெயை அக்கா மவுஸின் வயிற்றில் தடவி, "தம்பி கை வலிக்காம இருக்கட்டும்னுதான்லே" என்றாள் என்று கதை வளர்ந்தது.

சிவகாசி அச்சகத்து ஆட்கள் யாரும் இந்த ஊர் அசனத்துக்கு வருவதில்லை. ராஜபாண்டியன் அண்ணாச்சியும் காலமாகிவிட்டார். அச்சகமும் கைமாறி, பழைய ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். கதையை மறுக்க யாருமில்லை. வருஷத்துக்கு வருஷம் கூட்டமே கேட்டு வாங்கியது. "யூ.பி.எஸ். அக்கா கதையச் சொல்லுங்க" என்று பிள்ளைகள் கத்தின. ஜாஸ்பின் கடைக்குப் போனால் எடை போடுகிற பையன்கூட, "அக்கா, தராசு கரண்டுல ஓடுது, பாத்து" என்றான். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று காலேப் ஒருநாளும் பார்க்கவில்லை.

ஜாஸ்பினுக்கு நாற்பது வயதுக்கு மேலாகிவிட்டது. புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஒரே மகள் ஜெமிமா, சாத்தூரில் காலேஜ் படிக்கிறாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை ஜாஸ்பினுக்கு. விடிந்தும் விடியாமலும் வேன் வரும், ஏறிப் போய்விடுவாள். கொரோனா காலத்தில் கம்பெனி பூட்டிக் கிடந்தபோது, மகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் விளையாட்டாக டைப் அடிக்கப் பழகினாள். அது பிடித்துப்போய், வேலை விட்டு வந்து, அந்த அலுப்போடே சாத்தூரில் டைப்பிங் கிளாஸுக்குப் போனாள். பரீட்சையும் எழுதினாள். கம்ப்யூட்டர் கோர்ஸையும் முடித்தாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மேடையில் சொல்ல இதில் சிரிப்பு ஒன்றும் இல்லாததால் காலேப்பும் சொல்லவில்லை.

போன வருஷம் அவளுடைய கம்பெனிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பெனியில் ஒரு ரூம் வெடித்துப் போய்விட்டது. சத்தம் சாத்தூர் வரைக்கும் கேட்டது. கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோகக்கூடாது, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று சாயங்காலம் வரை தெரியாது. ஜெமிமா காலேஜிலிருந்து ஓடி வந்து, வேன் நிற்கிற முக்கில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. வேன் வந்து, அம்மா இறங்கி வந்துதான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அம்மா வீட்டுக்கு வரும் வரை அவள் தொண்டையில் சோறு இறங்குவதில்லை. பிள்ளை மெலிந்துகொண்டே போனாள்.

"இனி நான் அந்த வேன்ல ஏறக்கூடாதுலே" என்றாள் ஜாஸ்பின் தம்பியிடம். "எம்பிள்ளை எனக்கு முன்னால செத்துருவா போலருக்கு."

அந்த நேரம் பார்த்து, சபை நடத்துகிற பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க் வேலை காலியாக இருந்தது. பிள்ளைகளின் பீஸுக்கு ரசீது போடுவது, வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. கம்பெனியில் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் சமாளித்துவிடலாம். ஜாஸ்பின் மனு கொடுத்தாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டும் விட்டார்கள்.

"நீயும் கூட வா. தாளாளர் ஐயாவுக்கு ஒன் மேல பிரியம்லா" என்றாள்.

"நான் வந்தா வேலை முடிஞ்சதுன்னு வச்சுக்கோ" என்றான் காலேப். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பைக்கில் கூட்டிப் போனான். ஜாஸ்பின் கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் சேலை கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத் தாளாளர் ஞானதிரவியம் நல்ல மனுஷர், சிரிக்கப் பிறந்தவர். பக்கத்தில் சபைக்குப் புதிதாக மாறுதலாகி வந்திருந்த ஐயர். பாதிரியாரை இங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலேப் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. "டைப்பிங் பாஸ் பண்ணியிருக்கீக, சந்தோசம்மா" என்றார் ஞானதிரவியம். புது ஐயர் சர்டிபிகேட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல படிச்சிருக்கீங்களே, பெரிய காரியம்" என்றார். ஜாஸ்பின் அளவாகப் பதில் சொன்னாள். "சரி, அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒரு பக்கம் அடிச்சுக் காட்டுங்க" என்றார் ஐயர்.

அவள் எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனாள். அதைப் பார்த்ததுமே ஞானதிரவியத்துக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. "ஐயரே, ஒரு நிமிசம். ஒங்களுக்குத் தெரியாதுல்லா. இவுகதான் அந்த யூ.பி.எஸ். அக்கா. இவுக தம்பி சொல்லக் கேக்கணும் நீங்க. வெளிய இருக்கானா? காலேப்பு, இங்கன வா."

காலேப் உள்ளே போனான். இது நல்லதற்கில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தான் என்று யாரும் அவனுக்காகப் பரிந்து பேச வேண்டாம். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள். அவனைப் பார்த்தாள். சொல்லிவிடலாம், ஓடினது நான்தான் என்று ஒரே வார்த்தை, முடிந்துபோகும் என்று நினைத்தான்.

"அது ஐயா, நான் வேலைக்குப் போன முத நாளு" என்று ஆரம்பித்தான்.

"அதில்லலே, அக்கா சோறு கொண்டாந்ததுல இருந்து சொல்லு" என்றார் ஞானதிரவியம். புது ஐயர் இரண்டு கையையும் மேசை மேல் ஊன்றி, சிரிக்கத் தயாராக முன்னால் சாய்ந்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது எல்லாம். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன நாக்கு, அது பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. தூக்குச்சட்டி வந்தது. சன்னல் கம்பி வந்தது. 'கீங்' என்று கத்திக் காட்டினான். அந்தச் சின்ன அறைக்குள் ஓடியும் காட்டினான். ஐயர் கண்ணைத் துடைத்தார், ஞானதிரவியம் மேசையைத் தட்டினார். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்கக் காலேப்புக்குப் போதை ஏறியது. அன்றைக்குப் புதிதாக ஒன்றையும் சேர்த்தான், பாவி. கறுப்புப் பெட்டி கத்துவதை நிறுத்த, அக்கா அதன் தலையில் வேதப்புத்தகத்தை வைத்து ஜெபித்தாள் என்றான். ஐயருக்குப் புரை ஏறிவிட்டது.

ஜாஸ்பினும் சிரித்தாள்.

"சரி சரி, அடிங்கம்மா" என்றார் ஞானதிரவியம் மூச்சு வாங்கிக்கொண்டே. "பெட்டி கீழதான் இருக்கு, பயப்படாதீக, வெடிக்காது." மறுபடி ஒரு சிரிப்பு. அவள் விரல்களைச் சாவிகள் மேல் வைத்தாள். இரண்டு வரி அடித்தாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று தாவின. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள், திரும்பவும் தப்பியது. "போதும்மா, போதும். சிரமப்படாதீக. தகவல் சொல்லி விடுறோம்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள்.

திரும்பும்போது பைக் பாதி வழி வந்திருந்தது. காலேப்தான் மெதுவாக, "நீயும் சிரிச்சியே அக்கா" என்றான்.

"வண்டிய நிப்பாட்டு" என்றாள்.

நிறுத்தினான். இறங்கி, ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அவனைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. "சிரிக்காம என்ன செய்யச் சொல்லுத? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, கோவக்காரி, சள்ளை புடிச்சவன்னு அதுக்கும் வேலை கிடைக்காது. அதுக்குத்தான் சிரிச்சேன். இம்புட்டு வருசமும் அதுக்குத்தான் சிரிச்சேன். நீ பேரெடுக்கேன்னு சிரிச்சேன். இன்னைக்கு எம்பிள்ளைக்காகச் சிரிச்சேன்."

காலேப்புக்குத் தலை நிமிரவில்லை. ரோட்டில் போன ஒரு லோடு வண்டியின் டிரைவர் அடையாளம் கண்டு, "என்ன காலேப்பு, அக்காவா?" என்று சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்துப் போனார். ஜாஸ்பின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த வாரமே தகவல் வந்தது. கிளார்க் வேலை வேறு ஒரு பெண்ணுக்கு. கம்ப்யூட்டரைக் கண்டால் பயப்படுகிற ஒரு ஆளை அதன் முன்னாலேயே உட்கார வைத்துச் சங்கடப்படுத்தக்கூடாது என்று எல்லாரும் யோசித்தார்களாம். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஆயா வேலை இருக்கிறது, மனசிருந்தால் வரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆயா சம்பளத்தில் ஜெமிமாவின் படிப்பு ஓடாது. அதனால் ஜாஸ்பின் மறுபடியும் வேனில்தான் போனாள்.

ஜெமிமா மாமாவோடு சண்டை போடவில்லை. அவன் அக்கா வீட்டுப் பக்கம் வந்தபோது, தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "மாமா, கதை நல்லா இருந்துச்சாம்லா" என்று மட்டும் கேட்டாள். தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை. காலேப்புக்கு அங்கே நிற்க முடியவில்லை. குறுகிப்போய் வெளியே வந்தவன், நேராக ஞானதிரவியம் வீட்டுக்கு நடந்தான்.

விளக்கு வைக்கிற நேரம். ஞானதிரவியம் வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "ஸ்தோத்திரம் ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்றான் காலேப்.

"சொல்லு, சொல்லு, உக்காரு முதல்ல."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். "ஐயா, யூ.பி.எஸ்ஸுக்குப் பயந்து ஓடுனது எங்க அக்கா இல்ல. நான்."

ஞானதிரவியம் ஒரு நொடி அவனையே பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. "இந்தா, இங்க வா" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார். "காலேப்பு புதுசா ஒண்ணு கொண்டாந்திருக்கான்." அவருடைய மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, சிரித்த முகமாகத் தூணில் சாய்ந்து நின்றார்.

காலேப் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அச்சகத்தில் சேர்ந்த முதல் நாள், சன்னல் கம்பி, நாற்காலி விழுந்தது, வேப்ப மரத்தடியில் அத்தனை பேரும் நின்றது, யூ.பி.எஸ். என்று பேர் விழுந்தது, அழுதது. பசையைத் தின்றதும் நான்தான் என்றான். எண்ணெய் தடவியதாகச் சொன்னது பொய் என்றான். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். என்ன பிரயோசனம்? அவன் குரலுக்கு அந்த வீட்டுச் சுவரும் சிரிக்கப் பழகியிருந்தது. வேப்ப மரத்தடிக்கு வந்தபோது அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுதேன் என்று அவன் சொன்ன இடத்தில் ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"சத்தியமா ஐயா" என்றான் காலேப். "எங்க அக்காவுக்கு நல்லா டைப் அடிக்கத் தெரியும். என்னாலதான் அன்னைக்குத் தப்பு விழுந்துச்சு. அவுகளுக்கு அந்த வேலையக் குடுங்க ஐயா."

ஞானதிரவியம் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். அவர் முகத்தில் இப்போது சிரிப்போடு ஒரு உருக்கமும் இருந்தது. "எனக்குப் புரியுதுலே. அக்காவுக்கு வேலை கிடைக்கலன்னு ஒனக்கு மனசு கேக்கல. பழியத் தூக்கி ஒந்தலையிலயே போட்டுக்கிட்ட பாரு, தம்பின்னா இப்படித்தான் இருக்கணும்." மனைவியிடம் திரும்பி, "கேட்டியா, கூடப்பொறந்தவன்னா இவந்தான்" என்றார். "இந்த அசனத்துக்கு இதையே சொல்லு. பழசைவிட இது எடுப்பா இருக்கு. காப்பி குடிச்சிட்டுப் போ."

காப்பி வந்தது. முறுக்கும் வந்தது. குடிக்காமல் போனால் தப்பாக நினைப்பார்கள் என்று குடித்தான். உலகத்தில் எந்தத் திட்டும் அந்தப் பாராட்டைப் போல அவனைச் சுட்டிருக்காது. தான் கெடுத்த அக்காவின் பேரால் தனக்கே நல்ல பேரும் சேர்ந்துவிட்டதே என்று, தெருவில் நடக்கும்போது உடம்பெல்லாம் கூசியது.

அக்கா வீட்டில் ஜாஸ்பின் அடுப்படியில் இருந்தாள். ஜெமிமா சுவரோரம் படித்துக்கொண்டிருந்தாள். காலேப் நிலைப்படியிலேயே நின்றான்.

"எங்க போயிட்டு வார?"

"தாளாளர் வீட்டுக்கு. ஓடுனது நான்தான்னு சொல்லிட்டேன் அக்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஜாஸ்பின் கரண்டியைக் கீழே வைத்தாள். ஜெமிமாவும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் ஏதோ எழுந்தது. அதைப் பார்க்க மாட்டாமல் காலேப் தரையைப் பார்த்தான்.

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாக."

உலை கொதித்து மூடியைத் தள்ளியது. ஜாஸ்பின் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"நல்லாச் சொல்லியிருப்பலே" என்றாள்.